காத்துக்காரருக்கு ஒரு சாவி

மேற்குத் தாம்பரம்,
12-6-1969

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெபசீலன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் வேதசிரோமணி அத்தானும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா?

"சிலிண்டர் உருட்டுவதற்கா உன்னை பி.எஸ்ஸி. படிக்க வைத்தோம்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு இப்போது பதில் சொல்கிறேன். குரோம்பேட்டையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்க்காரர்களுக்கு மட்டும் அறுபது படுக்கை. என் ஆர்டரில் 'ஆக்ஸிஜன் டெக்னீஷியன், இரவு' என்று போட்டிருக்கிறது. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை யாருக்கு மூச்சு முட்டினாலும் நான்தான் ஓட வேண்டும். நிமிர்த்தி உட்கார வைப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, முகமூடி மாட்டுவது, தண்ணீர்ப் புட்டியில் குமிழி ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுவது, எல்லாம் என் தலையில். ஆயா கன்னியம்மா என்னைக் 'காத்துக்கார சார்' என்கிறாள். பலூன் விற்கிறவன் என்று நினைத்துவிடாதே.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். என்னைப் பகலில் தூங்க விடுவதில்லை என்று இந்தத் தெருவே சத்தியம் செய்திருக்கிறது. முந்தாநாள் காலையில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். தாம்பரம் இரண்டாவது ஸ்டேஷன். கண் விழித்தால் பீச் ஸ்டேஷனில் இருக்கிறேன்! தாம்பரம் வந்த ரயில் திரும்பி என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. மறுபடி தூங்கி மறுபடி தாம்பரம் வந்தேன். இந்த மாதத்தில் நான் நன்றாகத் தூங்கியது அந்த ரயிலில்தான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். ஸ்டோர் கீப்பர் ராஜகோபாலன் சார் சாயங்காலம் ஆறு மணிக்கு வராந்தாவில் நாலு சிலிண்டரை எடுத்து வைத்துவிட்டு, ஸ்டோரைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு சைக்கிளில் போய்விடுவார். "நாலு போதும்பா, ராத்திரியில எல்லாரும் தூங்கத்தானே போறாங்க" என்பார். நெஞ்சுநோய்க்காரன் ராத்திரியில் தூங்கினால் எனக்கு ஏன் சம்பளம்? இரண்டு தடவை நடு ஜாமத்தில் கீழ்க்கட்டளை போய் அவரை எழுப்பியிருக்கிறேன். இரவு டியூட்டிக்கென்று ஒரு சாவி வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. பதில் இல்லை.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
ஜெபசீலன்

•

பாளையங்கோட்டை,
25-6-1969

என் அருமைத் தம்பி ஜெபசீலனுக்கு,

அக்கா யூனிஸின் அன்பு. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது.

நீ பீச் ஸ்டேஷன் வரை இலவசமாக ஊர்வலம் போன கதையை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், அவர் சிரித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது, அதற்கும் நீதான் காரணம் என்று உன் கணக்கில் எழுதியிருக்கிறேன். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், எங்கள் பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா ஜனவரியில் ஓய்வு பெறுகிறார், தலைமையாசிரியரிடம் உன்னைப் பற்றி ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லி வைத்திருக்கிறேன், பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வரும் மனுஷ வேலை, ராத்திரி மற்ற ஜனங்களைப்போல நீயும் வீட்டில் படுக்கலாம். நம் வீட்டிலேயே, முன் அறையில், என் அறைக்கு அடுத்தாற்போலப் படுக்கலாம்.

இந்த வருஷம் எனக்கு மாடி வகுப்பு வேண்டாம் என்று சொல்லிக் கீழ் வகுப்பை வாங்கிக்கொண்டேன். கோயிலில் பாடகர் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன், புதிதாக வந்த ஆர்மோனியக்காரர் சுருதியை எங்கேயோ ஏற்றி வைத்துக்கொண்டு எங்களை இழுக்கிறார், அந்தத் தொல்லை எனக்கு எதற்கு?

ஜனவரியை மறக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
யூனிஸ்

•

மேற்குத் தாம்பரம்,
20-7-1969

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம், கண்கள் மட்டும் சிவந்திருக்கின்றன.

நீ பாடகர் குழுவை விட்டாயா? சுருதி ஏறினால் ஆர்மோனியக்காரரைத் துரத்துவாயே தவிர நீ விலகுகிற ஆள் இல்லையே. என்ன சங்கதி?

சாவி கிடைக்காததால் நான் ஒரு வழி செய்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த சிலிண்டரும் காலி சிலிண்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் நிறைந்ததன் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம், திறந்துவிட்டால் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, காலியானால் பெருக்கல் குறி. பகல்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் என் குறியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

நேற்று சுப்பராயலு என்ற பல்லாவரத்து நிலக்காரர் குணமாகி வீட்டுக்குப் போனார். பதினொரு ராத்திரி அவர் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். பகல் டாக்டருக்கு ரோஜா மாலை, பகல் நர்சுகளுக்குச் சாத்துக்குடிக் கூடை. காலையில் மறந்து விட்டுப்போன துணியை எடுக்கப் பகலில் வந்த நான் வாசலில் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இன்னாப்பா வேலை பாக்கறே இங்க?" என்று கேட்டார். அவர் பேரில் தப்பில்லை. என் முகத்தை வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது அக்கா.

அப்போது மட்டும் ஜனவரி வேலை நல்லதாகத் தோன்றியது. ராத்திரி வார்டுக்குப் போனதும் மறந்துவிட்டேன்.

உன் தம்பி,
ஜெபசீலன்

•

பாளையங்கோட்டை,
18-8-1969

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. உன் சாக்பீஸ் வித்தையை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்போதெல்லாம் நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. பெரிய பெண்களை விட்டு எழுதச் சொல்கிறேன். அந்தத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை.

சுப்பராயலுவை விடு. ஜனவரிக்குள் வந்துவிடு. தலைமையாசிரியர் மறுபடி கேட்டார்.

உன் அக்கா,
யூனிஸ்

•

மேற்குத் தாம்பரம்,
25-10-1969

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் உடம்பால் சுகம். மற்றபடி என் வேலை போனாலும் போகலாம்.

இங்கே மிஷன் ஆஸ்பத்திரியானாலும் ஸ்டோர்காரர்கள் வருஷா வருஷம் ஆயுத பூஜை செய்வார்கள். மேட்ரன் அமலராணி தடுப்பதில்லை. இந்த வருஷமும் பகலில் வேண்டிய மட்டும் தண்ணீர் விட்டு எல்லாச் சிலிண்டர்களையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். என் சாக்பீஸ் குறி ஒன்றுகூட மிச்சமில்லை! என் ஸ்பானரையும் ஆஸ்பத்திரிக்கு இருக்கிற ஒரே உபரி மீட்டரையும் ஸ்டோருக்குள் படத்துக்கு முன்னால் பலகையில் வைத்துப் பூஜை போட்டுப் பூட்டிவிட்டார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ராஜகோபாலன் சாரும் சாவியும் வழக்கம்போலக் கீழ்க்கட்டளையில்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தனக்கோடி என்ற திருமுடிவாக்கத்து அம்மாளுக்குப் போய்க்கொண்டிருந்த சிலிண்டர் தீர்ந்தது. வராந்தாவிலிருந்த நாலும் மாப்பிள்ளை மாதிரி மாலையோடு நிற்கின்றன. குறி அழிந்தபின் எடுத்து வைத்தவை. எது நிறைந்தது, எது காலி? தெரிந்தாலும் ஸ்பானர் இல்லாமல் எதைத் திறப்பது? அந்த அம்மாளின் உதடு நீலம் பூக்கிறது. கீழ்க்கட்டளை போய்வர முக்கால் மணி நேரம்.

சமையற்கட்டிலிருந்து அம்மிக்குழவியைத் தூக்கி வந்து பூட்டை உடைத்தேன். உள்ளே போய்ப் பலகை முன் நின்றதும் கை ஓடவில்லை அக்கா. அவர்கள் சாமி முன் வைத்ததை ஒரு கிறிஸ்தவன் எடுத்தான் என்று நாளைக்குப் பேச்சு வந்தால்? பின்னாலேயே கன்னியம்மா வந்தாள். பூஜைக்கு மாலை கட்டியதே அவள்தான்.

"இன்னா நிக்கறே? ஸ்டோர் சார் வந்து எடுத்துக் குடுப்பாருன்னா? ஆயுதம் வேலைக்குத்தான் கீது, வேடிக்கைக்கா கீது?" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்பானரை எடுத்து என் கையில் திணித்தாள்.

மீட்டரை ஒவ்வொன்றிலும் மாட்டிப் பார்க்க நேரமில்லை. ஸ்பானரால் தட்டிப் பார்த்தேன். காலி சிலிண்டர் மணிபோல நீளமாக ஒலிக்கும், நிறைந்தது சீக்கிரம் அடங்கிவிடும். எத்தனையோ ராத்திரி பொழுது போகாமல் தட்டிப் பழகியது. வராந்தாவில் மூன்று கணீரென்றன. நாலாவது அடங்கியது. திறந்தேன். புட்டியில் குமிழி வந்தது. அம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

காலையில் எனக்கு மெமோ. 'ஆஸ்பத்திரிச் சொத்தான பூட்டை உடைத்தது, பிற மதத்தார் பூஜையைக் கெடுத்தது.' நவம்பர் இருபதாம் தேதி விசாரணை. இந்த வேலைக்கு நான் தகுதியில்லை என்று சொன்னால் போகிறேன். தப்புச் செய்தேன் என்று மட்டும் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

உன் தம்பி,
ஜெபசீலன்

•

பாளையங்கோட்டை,
1-11-1969
விடியற்காலை 4 மணி

தம்பிக்கு,

சுகம். கடிதம் கண்டேன். பயந்துவிட்டேன்.

நீ செய்தது சரி. அந்த அம்மாள் பிழைத்தாளே. அது போதும்.

விசாரணைக்கு நிற்காதே. ராஜினாமா கொடு. உடனே வா. ஜனவரி வேண்டாம். இப்போதே வா. முன் அறை தயார்.

மழை. அதனால் தூக்கமில்லை.

வா.

யூனிஸ்

•

மேற்குத் தாம்பரம்,
6-11-1969

பிரியமுள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீ 'சுகம்' என்றுதான் எழுதுவாய்.

நேற்று ராத்திரி வார்டில் ஜூனிலிருந்து வந்த உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஜூன் மாதக் கடிதத்தில் நீ பால் பொங்கியதை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். ஆகஸ்டில் வாக்கியங்கள் பாதியாகிவிட்டன. நவம்பரில் இரண்டு வார்த்தைக்கு ஒரு முற்றுப்புள்ளி. என் நோயாளிகள் இப்படித்தான் பேசுவார்கள் அக்கா. இரண்டு வார்த்தை, நிறுத்தம், இரண்டு வார்த்தை, நிறுத்தம். ஆனால் எழுதும்போதுகூட மூச்சு வாங்குகிறவர்களை இதுவரை பார்த்ததில்லை.

மாடி ஏற முடியவில்லை. பாட முடியவில்லை. சாக்பீஸ் தூள் ஆகவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாய், படுக்க முடியாததால். நான் ஒரு மடையன். ஊரார் மூச்சையெல்லாம் எண்ணுகிறேன், என் அக்காவின் மூச்சு தபாலில் வந்தும் தெரியவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. என்னை ராத்திரி வேலையிலிருந்து காப்பாற்ற நீ கூப்பிடவில்லை. உன் ராத்திரிக்கு ஒரு துணை தேடியிருக்கிறாய். அதை ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்? எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு அழுகை.

நான் அங்கே வந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்து அழத்தான் முடியும். நீ இங்கே வா. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, காற்று இருக்கிறது. விசாரணையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ஜெபசீலன்

•

பாளையங்கோட்டை,
11-11-1969

அன்பு மச்சான் ஜெபசீலனுக்கு,

வேதசிரோமணி எழுதுவது. உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தை யூனிஸ் என்னிடம் காட்டவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து நானே எடுத்துப் படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக அவள் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாள். உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மூச்சு முட்டல் என்று வெளியே தெரிந்தால் காசம் என்று பேர் கட்டிப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். உள்ளூர் டாக்டரிடம் போகவும் அதே பயம்.

சத்தியத்தை மீறிவிட்டேன். ஞாயிறு ரயிலில் கிளம்புகிறோம். திங்கள் காலை தாம்பரத்தில் இறங்குவோம். ஸ்டேஷனுக்கு வா. நீ தூங்குகிற நேரம் என்று தெரியும், மன்னித்துக்கொள்.

வேதசிரோமணி

•

குரோம்பேட்டை, ஆஸ்பத்திரி,
30-11-1969

என் அன்பான அத்தானுக்கு,

உங்கள் யூனிஸ் எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? குழாயை மூடிவிட்டு வேலைக்குப் போகிறீர்களா?

நீங்கள் ஊர் திரும்பிய மறுநாளே எக்ஸ்ரே முடிவு வந்துவிட்டது. காசம் இல்லை, ஆஸ்துமாதான். பெரிய டாக்டரே சொன்னார், எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளை நானே தலைமையாசிரியரின் மேஜையில் வைக்கப் போகிறேன். எட்டு மாதம் வீணாக ஒளித்து வைத்தேனே அத்தான், என்ன புத்தி எனக்கு!

விசாரணைச் செய்தியைக் கேளுங்கள். நம் ஆள் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறான். கன்னியம்மாதான் என் படுக்கையில் உட்கார்ந்து நடித்துக் காட்டினாள்.

"ஸ்டோர் சார் ரூல்ஸ் ரூல்ஸ்னு குதிச்சிகினு இருந்தாரும்மா. பூட்டை ஒடச்சது தப்பா இல்லியான்னு கேட்டாரு. ஒடச்சது நான்தான், தப்புன்னு மட்டும் சொல்லமாட்டேன்னு உன் தம்பி சொன்னாரு. அப்பால எங்க மேட்ரனம்மா ஒண்ணு சொல்லிச்சு பாரு! 'ராஜகோபாலன் சார், சாவி இல்லேன்னு வெச்சுக்குங்க, குறியும் இல்ல, மீட்டரும் இல்ல. ரொம்பின சிலிண்டர் ஒண்ணு எடுத்துக்கினு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நாம எல்லாரும் மூச்சப் புடிச்சுக்குவோம். நீங்களும்தான்'னிச்சு. ஸ்டோர் சார் ஒண்ண உருட்டறாரு, ஒண்ணத் தூக்கறாரு, மூஞ்சி செவந்து போச்சு. பெரிய டாக்டரு அரை நிமிசத்துல புஸ்ஸுன்னு வுட்டுட்டாரு. மேட்ரனம்மா வுட்டுச்சு. நான் வுட்டேன். கடைசில ஸ்டோர் சாரும் சிலிண்டரக் கட்டிப் புடிச்சுகினு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கறாரு. ஒருத்தரும் ஒரு நிமிசம் தாங்கல!"

ராஜகோபாலன் சார் மூச்சு தணிந்ததும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நம் ஆள் கையில் வைத்துவிட்டு, "பத்து மணிக்கு வந்ததும் வார்டு நர்ஸ்கிட்ட இத வாங்கிக்க, காலைல என் கைல குடு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மெமோவைப் பெரிய டாக்டர் கிழித்துவிட்டார். தனக்கோடி அம்மாள் நடந்தே வந்து புதுப் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தச் சாவியின் அருமை எனக்கே தெரிய வந்தது அத்தான். புதன்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு இழுப்பு வந்து, அதே நேரம் சிலிண்டரும் தீர்ந்தது. டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவில் ஒன்றும் மிச்சமில்லை. நம் ஜெபசீலன் ஓடவுமில்லை, பதறவுமில்லை. "இதோ வரேன்கா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். பயத்தை அடக்க நான் மனதுக்குள் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். பதிமூன்று ஏழு தொண்ணூற்றொன்று வருவதற்குள் புட்டியில் குமிழி வந்துவிட்டது. சாவி கீழ்க்கட்டளையில் இருந்திருந்தால் எந்த வாய்ப்பாடும் போதாது.

முகமூடியை மாட்டிய பிறகு முதுகைத் தடவிக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தான். இந்த வேலையையா சிலிண்டர் உருட்டுவது என்று எழுதினேன்! காலையில் வெளிச்சம் வந்ததும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இவன் என் தம்பி, பேர் ஜெபசீலன்" என்று சொன்னேன். எதிர்ப் படுக்கைக்காரர்கள் கும்பிட்டார்கள். அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை, மீட்டரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன் அனுப்பிவிடுவார்களாம். ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

உங்கள்
யூனிஸ்

•

மேற்குத் தாம்பரம்,
22-2-1970

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ ஊர் போய் இரண்டு மாதம். வந்து சேர்ந்ததாக ஒரு கார்டு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நீ பேசாமல் இருந்தால் எனக்கு என்ன தோன்றும் என்று உனக்குத் தெரியும். மருந்தை நிறுத்திவிட்டாயா? ராத்திரி படுக்கிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா? அந்தக் குமாஸ்தா வேலை இன்னும் காலியாக இருக்கிறதா? வேண்டுமென்றால் சொல், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஒளிக்காமல் எழுது.

உன் தம்பி,
ஜெபசீலன்

•

பாளையங்கோட்டை,
1-3-1970

என் அருமைத் தம்பி, ஆஸ்பத்திரிக் காத்துக்காரர் ஜெபசீலனுக்கு,

நான் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே சுகம், அதை நீ நம்பமாட்டாய் என்று தெரிந்துதான் நிரூபணத்தோடு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன், டாக்டரின் தாளைத் தலைமையாசிரியர் இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மாடி வகுப்பு வேண்டுமா என்று அவராகவே கேட்க, நான் வேண்டும் என்று சொல்லி இப்போது தினம் இருபத்திரண்டு படி ஏறி இறங்கி, மருந்தையும் ஒரு வேளை தப்பாமல் எடுத்துக்கொண்டு, ராத்திரி தலையணையில் தலை வைத்துப் படுத்து, அத்தான் எழுப்பினால்தான் எழுந்திருக்கிறேன் என்பதையும், அந்தக் குமாஸ்தா வேலையை ஜனவரியிலேயே வேறொருவருக்குக் கொடுக்கும்படி நானே போய்ச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் என் தம்பிக்கு ராத்திரியில் வேலை இருக்கிறது, அதை வேறு யாரும் செய்ய முடியாது என்று தலைமையாசிரியரிடம் தலை நிமிர்ந்து சொன்னேன் என்பதையும், போன ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று அந்த ஆர்மோனியக்காரர் ஏற்றிய சுருதிக்கு மேலேயே நான் பாடியதில் அவர் திகைத்துப்போய் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்திவிட்டார் என்பதையும், சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நீ எழுதிய வரியை மட்டும் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டேன் என்பதையும் தெரிவித்து, இந்தக் கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டியபோது நடுவில் இரண்டே இடத்தில்தான் மூச்சு எடுத்தேன் என்று அவரே சாட்சி சொல்லுகிறபடியால், நீ எல்லோருடைய மூச்சையும் எண்ணுகிறவனாயிற்றே, இதில் எத்தனை முற்றுப்புள்ளி இருக்கிறது என்று நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, காலை ரயிலில் பீச் வரை போய் வந்தாலும் சரி, நிம்மதியாகத் தூங்கு.

உன் அக்கா,
யூனிஸ்